பழவேற்காட்டு ஏரியும் பாட்டுக் கணக்கும்



சென்னைச் சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து முன்பு ஒரு பெரும்பூங்கா இருந்தது. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 1859இல், 116 ஏக்கர் பரப்பில் அமைந்த 'பீப்பிள்ஸ் பார்க்' அது. அதனுள் இருந்த விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அன்றைய மக்கள் அழைத்தனர். எந்தப் புலவரும் இதனினும் பொருத்தமான பெயர் சூட்டியிருக்க இயலாது! மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் எழ எழப் பூங்கா சுருங்கியது. பின்னர் விலங்குகளும் வண்டலூருக்குச் சென்றன. ஆயினும் அப்பூங்காவின் வரலாற்றை இன்றும் எழுத முடியும். அக்கால அரசாங்கக் கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகம் பேணி வருவதே அதற்குக் காரணம்.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு அந்த ஏரியே பொதுவெளி. அதன் வரலாறு எங்கே காக்கப்படுகிறது?

ஒரு பகுதி மிக நன்றாகவே காக்கப்படுகிறது. டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். கோட்டை புதர் மண்டிப் போனாலும், அவர்தம் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலில் எலும்புக்கூடு வடிவங்கள் நிற்கின்றன. கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்துகள் இன்றும் தெளிவாக உள்ளன. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளோ ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள். அவை ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை ஆகிய நகரங்களில் உள்ளன; 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. இத்துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களும் வணிகக் கணக்கில் வருகின்றனர். பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர்.

வந்து போனவர்க்கு இத்துணை ஏடுகள். இருந்து வாழ்பவர்க்கு?

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக உள்ளது. ஏரியில் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை வலியவர் வளைத்துக்கொள்ளாமல், உரிமையுடையோர் முறைவைத்துப் பயன்கொள்ளும் ஏற்பாடு அது. யாருக்கு எவ்விடம், எந்நாள் என்பது குலுக்கலால் முடிவாகும். இன்று வளமான இடத்தில் வலை இறக்கியவர் மறுமுறை வேறிடம் செல்ல வேண்டும். சட்டப் புத்தகம் எதுவும் கற்பிக்காத நீதி இது. உரிமையுடையோர் யார், தகராறு எவ்வாறு தீர்ந்தது என்பனவெல்லாம் ஊர்ப் பெரியவர் நினைவிலும் ஊர்க் கணக்கிலுமே தங்கியுள்ளன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. கடல்நீர் புகும் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எத்தனை நாள் நிற்கும்?

இது வெறும் பழமை ஆர்வம் அன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது தீவின் குடிகள் இடம்பெயர்ந்தனர். ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. தெற்கே துறைமுகங்கள் விரிகின்றன. ஏரியைச் சார்ந்து பறவைகள் சரணாலயமும் உள்ளது. எல்லை வரைவோர் முன்னிலையில், "எங்கள் பாட்டனார் காலம்தொட்டு இங்கே வலை இறக்குகிறோம்" என்று ஒருவர் சொன்னால், "எழுத்தில் உண்டா?" என்றே கேட்பர்.

ஆகவே ஊர்க் கணக்கைப் படியெடுத்துக் காக்கும் பணி தாமதமின்றித் தொடங்க வேண்டும். மூல ஏடு ஊரை விட்டு வெளியே போகலாகாது. நல்லெண்ணத்தோடு வாங்கிச் சென்ற ஏடுகள் திரும்பாத கதை தமிழ்நாட்டில் புதிதன்று. ஊர்க் கூட்டத்தின் இசைவோடு அங்கேயே ஒளிப்படம் எடுத்து, ஒரு படியை ஊரிலும் மற்றொன்றை ஆவணக் காப்பகத்திலும் வைக்கலாம். ஏரிப் பகுதிகளின் பெயர்களை முதியோர் வாய்மொழியாகவே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். அப்பெயர்கள் அரசு வரைபடத்தில் இரா.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. பாடு உரிமை பட்டினவர் குலத்து ஆடவர்க்கே உரியதாக இருந்து வந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அக்கணக்கில் பெயர் இல்லை. அவர்கள் எவ்விடத்தில், எப்பருவத்தில் ஏரியில் இறங்கினர் என்பதையும் அவர்களிடமே கேட்டு அதே காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஊர்க் கணக்கைப் படியெடுக்கச் செல்வோர், முதலில் அவர்கள் குடியிருப்புக்குச் சென்று வருவது நன்று.