தோற்கும் வேளையிலும் பாடுகிறவர்கள்



கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். ஆனால் பல நாடுகளிலும் இரசிகர்கள் தங்களைப் 'பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பந்தைத் தொடாமலே ஒருவர் எப்படி ஆட்டக்காரர் ஆக முடியும்? இன்று இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கோவிட் பெருந்தொற்றுக் காலம் இக்கேள்விக்கு ஒரு பதிலைத் தந்தது. 2020-21 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை காலியான அரங்குகளில் நடைபெற்றன. அந்தப் பருவத்தின் 380 ஆட்டங்களில், சொந்த அரங்கில் ஆடிய அணிகள் 144இல் வென்றன. வெளியூரிலிருந்து வந்த அணிகள் 153இல் வென்றன. இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. லிவர்பூல் அணி தன் ஆன்ஃபீல்டு அரங்கில் தொடர்ந்து 68 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாதிருந்தது. 2021இன் தொடக்கத்தில், ஆளில்லாத அதே அரங்கில் அடுத்தடுத்து ஆறு ஆட்டங்களில் தோற்றது. முக்கிய வீரர்கள் காயமடைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் மக்களின் குரல் இல்லாத குறையை எல்லாரும் உணர்ந்தார்கள்.

மக்களின் குரல் எப்போதும் தூக்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. பந்தைத் தவறவிட்ட தம் வீரரையே சில வேளைகளில் இரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்வதைப் பார்க்கிறோம். அப்போது என்ன நடக்கிறது? அந்த வீரர் அடுத்தமுறை பந்தைக் கேட்டு வாங்கவே தயங்குகிறார். முன்னால் துணிந்து அனுப்பவேண்டிய பந்தைப் பின்னால் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார். அச்சம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. பிறகு, "நம் அணி கோழைத்தனமாக ஆடுகிறது" என்று அதே இரசிகர்கள் குறைகூறுகிறார்கள்!

2005 மே 25 அன்று இஸ்தான்புல் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. இடைவேளையில் லிவர்பூல் அணி, இத்தாலியின் ஏசி மிலானிடம் 0-3 எனப் பின்தங்கியிருந்தது. எழுந்து போய்விட யாருக்கும் நியாயம் இருந்தது. ஆனால் லிவர்பூல் இரசிகர்கள் எழுந்து நின்று, 'நீ தனியாக நடப்பதில்லை' என்ற பொருளுடைய தங்கள் வழக்கமான பாடலைப் பாடினார்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின், ஆறே நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள்! இறுதியில் பெனால்டி உதைகளில் லிவர்பூல் கோப்பையை வென்றது. பாடல் கோல் அடிக்கவில்லை, வீரர்களே அடித்தார்கள். ஆனால் அவர்கள் தனியாக ஆடவில்லை.

விடுதலைப்பயண நூலின் 17ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. மோசே கைகளை உயர்த்தியிருந்தபோது இஸ்ரயேலர் வென்றனர். கைகள் தளர்ந்தபோது பின்வாங்கினர். ஆரோனும் கூரும் அவர் களைத்துப்போனதைக் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. இருபுறமும் நின்று அவருடைய கைகளைத் தாங்கிக்கொண்டார்கள்.

தாங்குவது மிகவும் தேவைப்படுவது, ஒருவர் எல்லார் முன்னிலையிலும் தவறிவிட்ட பிறகுதான். 2021 ஜூலை 11 அன்று, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. வாய்ப்பைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள்மீதும் சமூக ஊடகங்களில் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. சாக்காவுக்கு அப்போது வயது 19. மான்செஸ்டர் நகரின் விதிங்டன் பகுதியில் இருந்த ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். உடனே அப்பகுதி மக்கள், சிறுவர்கள் உட்பட, அன்பு வார்த்தைகள் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து அந்தச் சுவர் முழுவதும் ஒட்டினார்கள். அடுத்த மாதம், ஆர்சனல் வீரரான சாக்கா, பரம எதிரணியான டாட்டன்ஹாமின் அரங்கில் களமிறங்கியபோது, அந்த எதிரணி இரசிகர்களே அவருக்குக் கைதட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், இங்கிலாந்துக்காக மீண்டும் பெனால்டி உதைக்க வந்தவர்களில் சாக்காவும் ஒருவர். இம்முறை பந்து வலைக்குள் சென்றது. இங்கிலாந்து வென்றது.

அன்பர்களே, நாமும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளை, வேலையை இழந்து வரும் கணவர், திருப்பலியில் முதன்முறை வாசகம் வாசிக்க வந்து தடுமாறும் சிறுமி, இவர்கள் எல்லாரும் முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே என்ன காண்கிறார்கள்?

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், 12ஆம் அதிகாரத்தில், நம் வாழ்வை ஓர் ஓட்டப்பந்தயமாகக் காட்டுகிறது. நமக்கு முன் நம்பிக்கையோடு வாழ்ந்தவர்கள் திரள்திரளாக நம்மைச் சூழ்ந்து நிற்கிறார்களாம். நாம் ஓடும்போது நம்மைத் தாங்குவோர் இத்தனை பேர் இருக்க, அருகில் ஓடுகிறவர் இடறி விழும்போது நாம் இகழலாமா?

இந்த வாரம் தோல்வியோடு நம் முன்னே வந்து நிற்கும் ஒருவருக்காவது, அறிவுரைக்கு முன்பாக ஆறுதல் சொல்வோம். அதற்கான அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.