தீவன மூட்டையில் எழுதியிருப்பது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவன் இறாலுக்கும் நண்டுக்கும் தீனி போடுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். என் பிழைப்பே தீவன மாவைக் குச்சிகுச்சியாக அழுத்தித் தள்ளும் மெஷின்களோடுதான். உள்ளே போகிற மாவில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான், கால்நடை ஊட்டவியல் என்ற துறைக்கென்று தனியாக ஒரு மொழி இருப்பது புரிந்தது. நமக்கு அது கஷ்டமான மொழி இல்லை. உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது, நடுவில் எவ்வளவு தங்குகிறது என்ற கணக்குதான்.

எங்கள் அம்மாவின் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அங்கே மாமா ஒருவர் மீன்பிடிப்பதோடு, ஓடு உரித்த நண்டுகளை வாங்கிக் கூண்டில் விட்டுக் கொழுக்க வைக்கிறார். ஓடு உரித்த புதிதில் நண்டுக்குள் சதை குறைவு, தண்ணீர்தான் அதிகம். 'வாட்டர் கிராப்' என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். மூன்று நான்கு வாரம் தீனி போட்டால் சதை கட்டிவிடும்.

ஒருநாள் மாமா கேட்டார்: "மாப்ள, இந்த மூட்டையில புரதம் 35 சதவீதம்னு போட்டிருக்கான். பொடி மீன்ல 17தான்னு சொல்றாங்க. அப்ப மூட்டைத் தீனி ரெண்டு மடங்கு ஒசத்தியா?"

கேட்டவுடன் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 100 கிலோ பொடி மீனில் ஏறக்குறைய 75 கிலோ வெறும் தண்ணீர். மீதி 25 கிலோதான் உலர் பொருள். அதில் 17 கிலோ புரதம் என்றால் 68 சதவீதம். மூட்டைத் தீனியில் ஈரம் பத்து சதவீதம்தான்; 90 கிலோ உலர் பொருளில் 35 கிலோ புரதம், அதாவது சுமார் 39 சதவீதம். தண்ணீரைக் கழிக்காமல் இரண்டு தீனியை ஒப்பிடவே கூடாது. இதைச் சொன்னதும் மாமா, "அப்ப கருவாட்டுக் கணக்கு பாக்கணும்ங்கற" என்றார். அதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் இதை விளக்கியதில்லை.

அடுத்தது அந்த 35 என்ற எண். மூட்டையில் உள்ளது 'கச்சாப் புரதம்'. கச்சா எண்ணெய் என்கிறோமே, அந்தக் கச்சாதான். சோதனைக்கூடத்தில் யாரும் புரதத்தை நேராக அளப்பதில்லை. 1883-ல் டென்மார்க்கின் கெல்டால் என்ற வேதியியலாளர் காட்டிய வழியில் நைட்ரஜனை அளக்கிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அவ்வளவுதான்.

நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், 287 சதவீதம் 'புரதம்' வரும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைக் கொஞ்சம் புரதமாக மாற்றித் தரும். இறாலுக்கும் கோழிக்கும் அந்த வசதி இல்லை. 2008-ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் கலந்தவர்கள் ஏமாற்றியது இந்தச் சோதனையைத்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. ஒரு சொல்லின் முன்னால் 'கச்சா' என்று இருப்பதைக் கவனிக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை.

சரி, புரதம் உண்மையானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் போதாது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் பத்து, இறாலின் உடம்பால் தானே செய்துகொள்ள முடியாதவை. அவற்றைத்தான் 'அத்தியாவசிய' அமினோ அமிலங்கள் என்கிறார்கள். இங்கே அத்தியாவசியம் என்றால் முக்கியமானது என்று பொருள் இல்லை, தீனியில் வந்தே ஆகவேண்டியது என்று பொருள். நூறு போல்ட் இருந்து அறுபது நட்டு மட்டும் இருந்தால் அறுபது ஜோடிதான் பூட்டலாம். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய, ஆனால் லைசின், மெத்தியோனின் குறைவு. குறைந்தது எதுவோ அதுதான் வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். மிச்சமான போல்டுகளை இறால் சேமித்து வைப்பதில்லை. எரித்துவிட்டு, நைட்ரஜனை அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது.

எது அத்தியாவசியம் என்பது உயிருக்கு உயிர் மாறும். கொலஸ்ட்ராலைக் குறையுங்கள் என்று டாக்டர் நமக்குச் சொல்கிறார். இறாலால் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ள முடியாது. தீனியில் இருந்தே ஆகவேண்டும். பழவேற்காடு ஏரிச் சேற்றைத் தோண்டிப் புழு எடுக்கிறார்களே, அதுவும் இந்தக் கதைதான். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறால் சினைப்பிடிக்க வேண்டிய சில கொழுப்பு அமிலங்கள் அந்தப் புழுவில் இருக்கின்றன. அதற்காகச் சேற்றைக் கிளறக் கிளற, அதே புழுவைத் தின்று வளரும் ஏரி மீனுக்கும் இறாலுக்கும் தீனி குறைகிறது.

கடைசியாக எஃப்.சி.ஆர். ஒரு கிலோ இறால் வளர எத்தனை கிலோ தீவனம் என்ற விகிதம். 1.5 என்றால் பண்ணைக்காரர் பெருமையாகச் சொல்வார். மாமாவின் கருவாட்டுக் கணக்கில் பார்ப்போம். ஒன்றரைக் கிலோ தீவனத்தில் உலர் பொருள் 1.35 கிலோ. ஒரு கிலோ இறாலில் உலர் பொருள் சுமார் கால் கிலோ. உண்மை விகிதம் ஐந்துக்கும் மேல்! நைட்ரஜனையும் பாருங்கள். அந்தத் தீவனத்தில் 84 கிராம். இறாலின் புரதம் 18 சதவீதம் என்று வைத்தால் உடம்பில் தங்குவது 29 கிராம். மீதி 55 கிராம் குளத்து நீரிலும் சேற்றிலும். ஒரு டன் இறாலுக்கு 55 கிலோ நைட்ரஜன். குளத்து நீரைத் திறந்துவிட்டால் அதில் பெரும்பகுதி எங்கே போகும்?

இறால் பண்ணைகளுக்கு எதிராக எஸ்.ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2005-ல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. சட்டம் தூரத்தைத்தான் அளக்க முடியும். பாடு முறையில் மாறிமாறி வலை போடும் குப்பத்துக்காரர்களுக்கோ தண்ணீர் ஒன்றுதான்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. இறால் அவசரமாகத் தின்னாது. கொறித்துக் கொறித்துத் தின்னும். குச்சி தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது கரையாமல் நிற்க வேண்டும். மாவு எவ்வளவு நைசாக அரைபட்டது, நீராவியில் மாவுச்சத்து எவ்வளவு வெந்தது, அச்சின் துளை எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது அது. கரைந்துபோன தீவனமும் எஃப்.சி.ஆர். கணக்கில் 'தின்றது' என்றே எழுதப்படுகிறது. இறுதியாண்டு மாணவர்களில் நாலு பேர் ப்ராஜெக்ட்டாக இதை எடுத்துக்கொண்டால், சோதனைக்கு வேண்டிய மாவும் அச்சுகளும் நான் அனுப்பி வைக்கிறேன். தண்ணீருக்கு மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.