டாலரோடு கட்டிய பேஸோ

நாணய மாற்று விகிதம் பாங்கிக்காரர் விவகாரம் என்று எழுந்து போய்விடாதீர்கள். அர்ஜென்டினாவைப் பாருங்கள். 1991-ல் நாணயத்தை டாலரோடு கட்டிச் சர்க்கார் சட்டம் போட்டது; 1992 முதல் ஒரு பேஸோவுக்கு ஒரு டாலர். விலைவாசி அடங்கியது, உண்மைதான். ஆனால் கஜானாவுக்கு டாலர் வந்தால்தான் நோட்டு அச்சிடலாம். வட்டியும் தன் கையில் இல்லை.

1999-ல் பக்கத்து பிரேஸில் தன் நாணய மதிப்பை இறக்கியது. அதன் சரக்கு மலிந்தது. அர்ஜென்டினா ஆலைச் சரக்கு தேங்கியது. பேஸோவின் மதிப்பைக் குறைக்கச் சட்டம் விடவில்லை. பின் எதைக் குறைப்பது? கூலியை! 2001 ஜூலையில் சர்க்கார் ஊழியர் சம்பளத்திலும் பென்ஷனிலும் 13 சதம் வரை வெட்டு. டிசம்பரில், பாங்கியில் போட்ட சொந்தப் பணத்தையே வாரம் 250 பேஸோவுக்கு மேல் எடுக்க முடியவில்லை. பெரும்புள்ளிகளின் டாலர் அதற்குள் கடல் தாண்டியிருந்தது! மக்கள் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஜனாதிபதி ராஜினாமா செய்தார். 2002 ஜனவரியில் கட்டு அறுந்தது.