போருக்குப் பின் இலங்கைப் பொருளாதாரம்

திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையில் மாலை வேளையில் உலாவப் போகும் நாம் 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு புதுமையைக் கண்டோம். கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் விமானங்கள் முதலில் நம் ஊரில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. கிழக்கே போகவேண்டிய விமானம் மேற்கே வந்து திரும்புவதென்றால், புறப்பட்ட இடத்தில் எண்ணெய் இல்லை என்பதுதானே பொருள்? திருவனந்தபுரம், கொச்சி ஆகிய இரு நிலையங்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இவ்வாறு இறங்கின.

அதற்குச் சற்று முன்னர், ஏப்ரல் 12ஆம் நாள், அயல்நாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்திருந்தது. 1948இல் விடுதலை பெற்ற அந்நாடு இவ்வாறு கைவிரித்தது அதுவே முதல் முறை.

இந்நிலை ஓராண்டில் விளைந்ததன்று. 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் வரை நீடித்தது. போர் நடக்கும்போதே, 2007இல், உலகச் சந்தையில் கடன் பத்திரம் விற்று 50 கோடி டாலர் திரட்டினார்கள். போர் ஓய்ந்தபின் இத்தகைய கடனும் சீனாவிடம் பெற்ற கடனும் பெருகின. தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தள விமான நிலையமும் எழுந்தன. வடக்கே 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சிமெண்டுத் தொழிற்சாலையோ, போர் முடிந்து பத்தாண்டு கடந்தும் திறக்கப்படவில்லை. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மில் கடன் வாங்காதவர் சிலரே; மாடி கட்ட வாங்கிய கடனுக்கும் கறவைமாடு வாங்க வாங்கிய கடனுக்கும் உள்ள வேற்றுமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இதன்மேல் 2019 இறுதியில் வரிக்குறைப்பு, பின்னர் கொள்ளைநோய், 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022 செப்டம்பரில் விலையேற்றம் ஏறக்குறைய 70 விழுக்காட்டை எட்டியது.

2023 மார்ச்சு மாதம் பன்னாட்டு நாணய நிதியம் நான்காண்டுகளில் ஏறத்தாழ 300 கோடி டாலர் வழங்க இசைந்தது. அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டது சீர்திருத்தம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லை எழுதும்போதெல்லாம் சிறு தயக்கம் உண்டு. தமிழில் அது நன்மையையே குறிக்கும். கணக்கேட்டில் வரி உயர்வையும் மானிய நீக்கத்தையும் குறிக்கும். மதிப்புக் கூட்டு வரி 8 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக ஏறி, 2024 சனவரியில் 18 ஆயிற்று. விலையேற்றம் 2023இன் நடுவிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது மெய்யே. ஆனால் விலை ஏறும் வேகம் குறைந்ததேயன்றி, ஏறிய விலை இறங்கவில்லை.

மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. பழைய விலையில் விற்றதால் அரசுக்கு நட்டம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. போர்க்காலத்தில் கடலுக்குள் போகவே தடையுண்டு. படகையும் வலையையும் இழந்து, மீண்டும் கடன்பட்டுத் தொழில் தொடங்கியவர்கள் அவர்கள். தமிழகக் கரையிலிருந்து செல்லும் இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுக்கின்றன என்ற குறையும் அவர்களுக்கு உண்டு. சென்னையிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேற்றி அனுப்பிய நாம் இதையும் மறைக்கலாகாது. கொழும்பில் உள்ளவருக்கும் இவர்களுக்கும் உயர்ந்த விலை ஒன்றே. தாங்கும் சேமிப்பு ஒன்றன்று.

2023இல் ஏழைக் குடும்பங்களுக்கு நேரே பணம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2024இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களும் மாற்றியமைக்கப்பட்டன; உற்பத்தி மீண்டும் வளர்ந்தது. இவற்றைக் குறைவாக மதிப்பிடவில்லை. ஆயினும், காங்கேசன்துறைச் சிமெண்டு ஆலையும், போரில் நின்றுபோன பரந்தன் இரசாயன ஆலையும் அன்றே மீண்டும் இயங்கியிருந்தால், அந்த மீனவர்களின் பிள்ளைகள் சிலருக்கேனும் கடலன்றி வேறொரு தொழிலும் கூலியும் இருந்திருக்கும்.