நீலக் கனியும் அதன் நிலமும்



நல்ல மண் என்று நாம் எதனைச் சொல்கிறோம்? நிறம் கறுத்து, மக்கிய எரு நிறைந்து, சுண்ணாம்புச் சத்துக் குறையாதது நல்ல மண் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பில் சொல்லி வந்தேன். எந்தச் செடிக்கு நல்லது என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வட அமெரிக்கக் காடுகளில் தானே விளையும் புளூபெரி என்னும் நீலக் கனிச் செடியின் வரலாற்றைப் படித்த பின்னரே, என் விடை அரை விடை என்று தெரிந்தது.

அந்நாட்டார் அக்கனியை நெடுங்காலம் காட்டிலிருந்தே பறித்து வந்தனர். தோட்டத்தில் கொண்டுவந்து நட்டவர்கள் பெரும்பாலும் தோல்வியே கண்டனர். 1906-ஆம் ஆண்டில், அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவர நூலறிஞர் பிரெடரிக் கோவில் என்பவர் இதனை ஆராயத் தொடங்கினார். (அவர் பெயரைத் தமிழில் எழுதினால் இவ்வாறுதான் வருகிறது, மறக்க வழியில்லை.) எருவிட்ட வளமான தோட்ட மண்ணில் வைத்த செடிகள் வாடி மெலிந்தன. சதுப்பு நிலத்துப் பாசி முதலியவை அரைகுறையாக மக்கி உண்டாகும் ‘பீட்’ என்னும் பொருளில் வைத்தவையோ செழித்தன. நம் கண்ணுக்கு ஏழை மண்ணாகத் தோன்றும் அது, அச்செடிக்கு விருந்தாயிற்று! 1910-இல் அவர் வெளியிட்ட நூலைப் படித்து, நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் வொயிட் என்னும் பெண்மணி அவரோடு கூடி உழைத்தார். 1916-இல் அவர்கள் பயிரிட்ட கனி முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது.

இதன் காரணம் புளிப்பில் இருக்கிறது. மண்ணின் அமிலத் தன்மையைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பார்கள். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் மிகும். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புளூபெரி விரும்புவது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. 6.5 உள்ள மண், 4.5 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலம் குறைந்தது. அத்தகைய மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தாலும், அது நீரில் கரையாத வடிவில் இறுகிவிடுகிறது. பூட்டிய களஞ்சியத்தின் வாயிலில் பசித்து நிற்பவனைப் போலச் செடி நிற்கிறது. இளந்தளிர்களில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நம் நிலக்கடலையும் இவ்வாறு வெளுப்பதையும், உழவர்கள் அன்னபேதிக் கரைசல் தெளிப்பதையும் நீங்கள் கண்டிருக்கலாம்.

தழைச்சத்திலும் இச்செடிக்குத் தனிச் சுவை உண்டு. பெரும்பாலான பயிர்கள் நைட்ரேட் வடிவை எளிதில் ஏற்கும். இதுவோ அமோனியம் வடிவையே விரும்புகிறது. அமோனியத்தை உறிஞ்சும் வேர் அமிலத்தை வெளியிடுவதால், தன்னைச் சுற்றிய இடத்தைத் தானே புளிக்க வைத்துக்கொள்கிறது. வேரும் மிக மெல்லியது. உறிஞ்சும் வேர்த்தூவிகளே அதற்கில்லை. ஈரம் குறைந்தாலும் வாடும். நீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகும். ஆகையால் பீட்டோடு பைன் மரப்பட்டைத் துண்டுகளையும், பொரித்த எரிமலைக் கல்லான பெர்லைட்டையும் கலந்து, காற்றுக்கு வழி செய்கிறார்கள்.

கனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கனியின் இனிப்பு இலையில் உண்டாவது. இலை வெளுத்தால் சர்க்கரை குறையும், கனி சிறுக்கும். சுண்ணாம்புச் சத்து கனியின் செல் சுவர்களை உறுதிப்படுத்துவது. ஆயின், அதற்காக மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டினால் புளிப்புப் போய் இரும்பு பூட்டிக்கொள்ளும்! அமிலத்தைக் கெடுக்காத ஜிப்சம் போன்றவற்றையே நாடவேண்டும்.

இக்காலத்தில் தொட்டிகளில் புளூபெரி வளர்க்கும் நாடுகள் பல. அங்கே நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவும் கட்டிகளாகக் கப்பலேறிச் செல்கிறது. பீட் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். தோண்டினால் அது காத்து வைத்திருந்த கரி காற்றில் கலக்கும். நார்க்கழிவோ ஆண்டுதோறும் குவிவது. ஆகவே அதனை மாற்றாகக் கொள்வதில் நியாயமுண்டு. எனினும் அது பீட் அளவுக்குப் புளித்ததன்று. சோடியமும் சாம்பல் சத்தும் அதில் மிகுதி. சாம்பல் சத்து மிகுந்தால் வேர் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் குறைவாகவே எடுக்கும். எனவே நல்ல நீரில் பலமுறை கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் அலசி அனுப்ப வேண்டியிருக்கிறது. கழுவிய உப்பு நீர் நிலத்தில் இறங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும். அயல்நாட்டு நீலக் கனி இனிக்க, நம் ஊர்க் கிணறு உவர்க்க வேண்டுமா என்ற கேள்வியை வேதியியல் படிக்கும் உங்களிடமே விடுகிறேன்.