அடைக்கலமும் விடுதலையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

கொல்லாமையின் சிறப்பை இந்த அவைக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரவுண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுதலும் நம் இல்லங்களில் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கமாகிவிடுகின்றன. ஆயினும் கொல்லாமை என்பது ஒன்றைச் செய்யாதிருத்தலைக் கூறும் அறம். நம் கண்ணெதிரே அடிபட்டுக் கிடக்கும் உயிருக்கு நாம் செய்ய வேண்டியது யாது? அதுவும், ஆடு மாடு போல் நம்மை அண்டி வாழாமல் மரத்திலும் காட்டிலும் தன்போக்கில் வாழும் உயிராயின், எவ்வாறு உதவுவது? இதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தீர்த்தங்கரர் இருவரின் வரலாறுகள் இதற்கு வழிகாட்டுகின்றன. தவசி ஒருவர் வளர்த்த வேள்வித் தீக்குரிய கட்டைக்குள் இரு பாம்புகள் இருப்பதைப் பார்சுவநாதர் அறிந்து கூறினார். குற்றுயிராய் வெளிப்பட்ட அவை அவருடைய அருளால் நற்கதியடைந்து தரணேந்திரனும் பத்மாவதியும் ஆயின. பாம்பு தவளையையும் எலியையும் உண்ணும் உயிர். எனினும் அப்பெருமானின் கருணை அதன் உணவைக் கேட்டு நிற்கவில்லை. நேமிநாதரோ தம் திருமண விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, அவற்றை விடுவித்து, மணக்கோலத்தைத் துறந்து கிர்நார் மலைக்குச் சென்றார். முன்னது அடைக்கலம்; பின்னது விடுதலை. காட்டுயிர்ப் பணி இவ்விரண்டும் சேர்ந்தது.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் எனப்படும் திகம்பர ஜினாலயத்தின் வளாகத்தில் பறவைகளுக்கான மருத்துவமனை ஒன்று பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. அங்குக் கட்டணம் இல்லை. குணமடைந்த பறவைகள் வானில் விடப்படுகின்றன. நம் சமயத்தவர் பெருமைப்படத்தக்க பணி அது. அங்கு ஒரு நெறியும் உண்டு. ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்புவர். உள்ளே தங்க வைத்துப் பேணுவதில்லை. புலால் புகாத இடம் என்பதே காரணம்.

அதே தில்லியில் நதீம் ஷெஸாத், முகமது சவூத் என்னும் இசுலாமியச் சகோதரர் இருவர் உள்ளனர். சோப்புக் கரைசல் வைக்கும் கருவிகளைச் செய்து விற்பது அவர்களது தொழில். அடிபட்ட கரும்பருந்துக்குப் புகலிடம் கிடைக்காததைக் கண்டு, தம் வீட்டிலேயே அப்பறவைகளைப் பேணத் தொடங்கினர். காற்றாடியின் மாஞ்சா நூலில் சிக்கிச் சிறகறுந்த ஆயிரக்கணக்கான பருந்துகள் அவர்கள் கையால் மருத்துவம் பெற்றுள்ளன. சௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்னும் ஆவணப்படத்தின் வழி 2022 இல் உலகம் அவர்களை அறிந்தது.

இந்த இரு பணிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நம் உள்ளத்தில் ஒரு வினா எழ வேண்டும். கூட்டிலிருந்து வீழ்ந்த ஆந்தைக் குஞ்சு ஒன்று நம் வாயிலில் கிடந்தால் நாம் என் செய்வோம்? இரக்கத்தால் எடுத்துவருவோம். அதற்கு உரிய உணவை நம் கையால் தர இயலாது. ஆகவே தயிர்ச்சோறோ, பாலில் நனைத்த ரொட்டியோ வைப்போம். அது உண்ணாது, உண்டாலும் உடம்பில் ஒட்டாது. சில நாள்களில் மடியும். நாம் அதன் காதில் பஞ்ச நமஸ்காரம் ஓதி, கடமை முடிந்தது என்று எண்ணுவோம்.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றைக் கால்நடைகளுக்கு உரியனவாகவே நாம் கேட்டு வந்துள்ளோம். காட்டுயிருக்கும் இவை பொருந்தும். உண்ண இயலாததைத் தட்டில் வைத்தல் உணவு மறுத்தலே. குணமான பின்னும் பாசத்தால் கூண்டில் வைத்திருத்தல் கட்டிவைத்தலே. மனிதர் கையில் வளர்ந்த குஞ்சு மனிதரை அஞ்ச மறந்து, காட்டில் பிழைக்கும் திறனை இழக்கும். மிகுபொருள் விரும்பாமை நமக்குப் பொருளில் மட்டுமன்று, உயிர்களை உரிமை கொள்ளும் ஆசையிலும் வேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்று கற்ற நாம், ஊனுண்ணும் பறவையைப் பிறரிடம் ஒப்படைப்பது தகுமா என்று கேட்கலாம். எளிய வினா அன்று. என் கருத்து இது: நாம் எவ்வுயிரையும் கொல்லச் சொல்லவில்லை, வீழ்ந்த உயிரை, அதைப் பேணவல்லார் கையில் சேர்க்கிறோம். இதற்கு மேலும் ஐயம் உள்ளோர் முனிவர்களிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் முடிவு எதுவாயினும், வீட்டில் வைத்துப் பட்டினியிடுதல் அறமாகாது. அன்றே ஒப்படைத்தல் வேண்டும்.

இனி, தொண்டு செய்ய முன்வரும் இளைஞர்களுக்குச் சில செய்திகள். இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சு பெரும்பாலும் அநாதை அன்று, பறக்கப் பழகுகிறது. தாய் அருகிலேயே இருக்கும். பூனையும் நாயும் அணுகாமல் தொலைவில் நின்று காத்தால் போதும். இறகற்ற குஞ்சு வீழ்ந்தால், காயமில்லையெனில் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. காயமுற்றதைக் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், மெல்லிய துணி விரித்து, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். வாயில் நீரை ஊற்றலாகாது; மூச்சுக்குழலுள் புகுந்து உயிர் போகும். அணில் குட்டிக்குப் பசும்பால் ஆகாது. மானைப் பலர் கூடித் துரத்திப் பிடித்தலும் ஆகாது. அச்சமே அதைக் கொன்றுவிடும். பின் தாமதமின்றி வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பச்சைக்கிளியைக் கூட வீட்டில் வளர்த்தல் குற்றம்.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நாம் போற்றுகிறோம். அடிபட்ட உயிரை நாயிடமிருந்து காத்தல் அபயதானம். மருத்துவரிடம் கொண்டுசெல்லும் வண்டிச் செலவை ஏற்றல் ஔஷததானம். கோடையில் மாடியில் நீர் வைத்தல் ஆகாரதானம். மாஞ்சா நூலின் கொடுமையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் சாத்திரதானம். அந்நூலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 இலேயே நாடு முழுவதும் தடை விதித்தது. எனினும் மரக்கிளைகளில் அது இன்னும் தொங்குகிறது. அதை அகற்றுவதே ஒரு தொண்டு.

இந்த அறக்கட்டளையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் முன்வரட்டும். ஜினாலயத்தின் அறிவிப்புப் பலகையில் அவர்களது பெயரும், வனத்துறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும், அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் முகவரியும் எழுதப்படட்டும். ஓர் அட்டைப் பெட்டியும் பழைய பருத்தித் துணியும் அங்கே இருக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த மழைக்காற்றில் கூடு சரியும்போது, அவை ஆயத்தமாய் இருக்க வேண்டும்.