கடல் கடந்து வந்த பெட்டி

இன்று உங்களோடு ஒரு சிறிய பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தடித்த புத்தகம் ஒன்றின் அளவே உள்ள கரிய பெட்டி அது. அமெரிக்க நாட்டுக் கடை ஒன்றிலிருந்து விமானம் ஏறி என் இல்லம் வந்து சேர்ந்தது. கணினியோடு இணைத்துத் தகவல்களைச் சேர்த்து வைக்கப் பயன்படும் அப்பெட்டியை ‘எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்’ என்று கடைகளில் கூறுவார்கள். தமிழில் புற வன்தட்டு எனலாம். அதை வாங்கியபோது நான் அடைந்த மகிழ்ச்சியையும், பின்னர் அடைந்த துயரையும், அவ்விரண்டும் எனக்குக் கற்பித்த பாடத்தையும் எடுத்துரைப்பதே என் நோக்கமாகும்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், விடுமுறை தோறும் வட மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்று தெருக்கூத்தைப் படம் பிடித்து வந்தேன். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் முதலிய கூத்துகள் விடிய விடிய நடைபெறும். பத்தாண்டுகளில் ஏறத்தாழ முந்நூறு நாடாக்கள் சேர்ந்தன. அவை ‘மினி டிவி’ என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒரு நாடாவில் ஒரு மணி நேரக் காட்சி அடங்கும். அதைக் கணினியில் ஏற்றினால் 13 ஜிகாபைட் இடம் வேண்டும். முந்நூறு நாடாக்களுக்கு வேண்டிய இடம் எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாடாக்களில் பூசணம் படரத் தொடங்கியிருந்தது. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. ஆகவே, பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். கணினியோ இடமின்றித் திணறியது. 8 டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன்.

அந்தக் கொள்ளளவின் பெருமையை உணர வேண்டுமாயின், 1956-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்ட ஆண்டு அது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. எடையோ ஒரு டன். அத்தனை பெரிய கருவியில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. எழுத்துக்கு ஒரு பைட் எனக் கொண்டால், அத்தகைய கருவிகள் பதினாறு இலட்சம் சேர்ந்து தாங்கக்கூடியதை, என் மேசைமேல் இருந்த பெட்டி தனியே தாங்கவல்லது.

நம் ஊர்க் கடையில் அப்பெட்டியின் விலை 18,000 ரூபாய். அமெரிக்கக் கடையிலோ நவம்பர்த் திங்களின் இறுதியில் நிகழும் தள்ளுபடி விற்பனையில், நம் பணத்தில் 10,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அங்கே விற்பனை பெரிது, போட்டியும் பெரிது; ஆதலின் பெரிய கொள்ளளவுள்ள பெட்டிகளின் விலை அக்காலத்தில் வெகுவாக இறங்கும். உறையில்லாத வன்தட்டைக் காட்டிலும் உறையோடு கூடியது மலிவாக விற்கும் விந்தையும் உண்டு. 7,500 ரூபாய் மிச்சம் என்று எண்ணி அன்றே பணம் செலுத்தினேன். எண்ணத்தில் பிழையில்லை, கணக்கில்தான் பிழை இருந்தது.

விமானத்தில் அனுப்பும் செலவு 1,500 ரூபாய் ஆயிற்று. பொதி நம் நாட்டில் இறங்கியதும், அடையாளச் சான்றுகளை அனுப்புமாறு கூரியர் நிலையத்தார் கேட்டனர். பின்னர்ச் சுங்க வரியும் சரக்கு சேவை வரியும் விதிக்கப்பட்டன. பொருளின் விலைமீது மட்டும் வரி உண்டு என்று நான் கருதியிருந்தேன். அவ்வாறன்று, விலை, காப்புறுதி, ஏற்றுகூலி ஆகிய மூன்றும் சேர்ந்த தொகைமீதே சுங்கம் கணக்கிடப்படுகிறது. மேலும், வணிகர் வணிகத்திற்காக இறக்குமதி செய்யும் சரக்குக்கு ஒரு விகிதமும், தனியொருவர் தம் சொந்தப் பயனுக்கு வரவழைக்கும் பொதிக்கு வேறொரு விகிதமும் உண்டு. வரிகள் 5,050 ரூபாய். கூரியர் நிலையத்தாரின் பணிக்கட்டணம் 300 ரூபாய். எல்லாம் கூட்ட 17,350 ஆயிற்று. உண்மையான மிச்சம் 650 ரூபாய்!

பெட்டியைத் திறந்தேன். மின் இணைப்பியின் முனைகள் இரண்டும் தட்டையாக இருந்தன. நம் சுவரில் உள்ள துளைகளோ வட்டமானவை. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. நல்வாய்ப்பாக, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று இணைப்பியின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வரியைப் படிக்காமல் எந்த வெளிநாட்டுக் கருவியையும் மின்சாரத்தில் செருகலாகாது. கணினியோடு இணைத்தபோது மற்றொரு வியப்பு. 8 டெராபைட் என்று வாங்கிய பெட்டியில் 7.27 மட்டுமே இருப்பதாகக் கணினி காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஐயுற்றேன். இல்லை. தட்டைச் செய்வோர் இலட்சம் கோடி பைட்டுகளை ஒரு டெராபைட் என்கின்றனர். என் கணினியோ 1024-ஐ நான்கு முறை பெருக்கி வருவதை, அதாவது ஏறத்தாழ 1,09,951 கோடி பைட்டுகளை, ஒரு டெராபைட் என்கிறது. பொருள் ஒன்றே, அளக்கும் படிகள் இரண்டு.

ஆயினும், ஏமாற்றும் உலகில் இல்லாமல் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டியை ‘16 டெராபைட்’ என்று கூறி மிக மலிவாக விற்போர் இணையச் சந்தைகளில் உண்டு. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிறிய நினைவக அட்டை ஒன்று இருக்கும். இல்லாத கொள்ளளவு இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லுமாறு அது மாற்றப்பட்டிருக்கும். கோப்புகள் ஏறுவதுபோலத் தோன்றும். உண்மையான இடம் நிரம்பியபின் புதியது பழையதை அழிக்கும், அல்லது வெறுமையில் மறையும். பெட்டி வந்தவுடன் அதை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துச் சோதிப்பதே இதற்குத் தக்க வழி. இதற்கென்றே இலவச நிரல்கள் உள்ளன.

வேறொரு செய்தியும் அறியத்தக்கது. நம் ஓட்டுக்கூரையைப் பாருங்கள். ஓர் ஓட்டின் ஓரத்தின்மேல் அடுத்த ஓடு படிந்திருக்கிறது. சில வன்தட்டுகளில் தகவல் தடங்களையும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதுகின்றனர். இடம் மிச்சமாகிறது, விலை குறைகிறது. ஆனால் நடுவில் உள்ள ஓர் ஓட்டை மாற்ற, மேலே படிந்தவற்றையும் எடுத்து மீண்டும் வேய வேண்டும் அன்றோ? அதுபோலவே, ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத நேர்கிறது, வேகம் குன்றுகிறது. உற்பத்தியாளர்கள் இம்முறையில் அமைந்த தட்டுகளை அதைக் குறிப்பிடாமலே விற்று வந்தனர் என்பது 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்தது. எழுதி வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பதற்கு அத்தகைய தட்டு போதும். நாள்தோறும் அழித்து எழுதுவதற்கு ஏற்றதன்று.

இவற்றையெல்லாம் ஒருவாறு கடந்து, முந்நூறு நாடாக்களின் காட்சிகளையும் அப்பெட்டியில் ஏற்றினேன். பிறகு ஒரு தவறு செய்தேன். கணினியில் இடம் வேண்டுமென்று அங்கிருந்த படிகளை அழித்துவிட்டேன். பூசணம் முற்றிய நாடாக்களையும் அப்புறப்படுத்தினேன். பெரிய பெட்டி இருக்கிறது, இனி என்ன கவலை என்று இருந்தேன்.

ஐந்தாம் திங்களில் ஒரு நாள், பெட்டியினுள் ‘டக், டக்’ என்று ஓசை கேட்டது. அதன் பின்னர் அது கணினிக்குக் காட்சி தரவில்லை. வன்தட்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கிறது. படிக்கும் முனை, தலைமயிரின் தடிப்பில் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில் தட்டின்மேல் மிதக்கிறது. அத்துணை நுண்ணிய அமைப்பு அது. கடல் கடந்த பயணத்தில் அடிபட்டதோ, பிறவியிலேயே குறையுடையதோ, நான் அறியேன்.

கடைக்கு எழுதினேன். திருப்பி ஏற்கும் காலம் முடிந்துவிட்டது என்று பணிவோடு மறுமொழி வந்தது. தயாரித்தவர்களுக்கு எழுதினேன். வாரண்டி என்னும் உத்தரவாதம் இரண்டாண்டு உண்டு. ஆனால் விற்ற நாட்டில்தான் அது செல்லும் என்றனர். அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் வழியாக அனுப்பினால், பழுதானதைப் பெற்றுக்கொண்டு வேறொன்று தருவார்களாம். அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. அனுப்பிய பெட்டி திரும்ப வாராது. அதனுள் இருக்கும் கூத்துகளும் திரும்ப வாரா. உத்தரவாதம் பெட்டிக்கே அன்றி, உள்ளே உள்ளதற்கு அன்று. புதிய பெட்டியா, பழைய குரல்களா என்ற வினா என்முன் நின்றது.

பெட்டியை அனுப்பவில்லை. சென்னையில் தகவல் மீட்கும் கூடம் ஒன்றிற்கு எடுத்துச் சென்றேன். தூசியில்லாத அறையில் அதைத் திறந்து, பழுதான முனைகளை மாற்றிப் படித்தனர். பெட்டியின் விலையைப்போல் இருமடங்குக்கு மேல் செலவாயிற்று. 260 நாடாக்களின் காட்சிகள் மீண்டன. எஞ்சியிருந்த பழைய நாடாக்களிலிருந்து மேலும் 25 கிடைத்தன. 15 நாடாக்கள் போயின. அவற்றுள், முதிய கூத்து வாத்தியார் ஒருவர் பாடிய கடைசிப் படுகளமும் ஒன்று. அவர் இன்று இல்லை. அவருடைய பேரன் அந்தப் பதிவைக் கேட்டு என் வீட்டிற்கு வந்தபோது, தலைகுனிந்து நின்றேன்.

நம் முன்னோர் ஏடுகளை எவ்வாறு காத்தனர்? பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அரிக்கும். ஆதலின் தலைமுறைதோறும் படியெடுத்து, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் வைத்தனர். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பவில்லை. பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் சிதைந்ததை மற்றோர் ஏடு காட்டிற்று. ஒரே வீட்டில் ஒரே ஏடாக இருந்து அழிந்த நூல்கள் எத்தனையோ! கூத்தைப் பற்றிக் கற்பித்த நான், ஏடு கற்பித்த இப்பாடத்தை மறந்துவிட்டேன்.

மாணவ நண்பர்களே, வெளிநாட்டில் பொருள் வாங்கலாகாது என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் வரியும் கூலியும் சேர்த்துக் கூட்டுங்கள். உத்தரவாதம் நம் நாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். வந்தவுடன் சோதியுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு பெரிய பெட்டி வாங்கும் பணத்தில் இரண்டு சிறிய பெட்டிகள் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் ஒன்றை வேறோர் ஊரில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். இப்போது என் கூத்துப் பதிவுகளின் ஒரு படி என்னிடம் இருக்கிறது. மற்றொரு படி அந்த வாத்தியாரின் பேரன் வீட்டில் இருக்கிறது. அவர் அதைத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிப் பாடம் சொல்லி வருகிறார்.